பற்றுக் கொப்பியும் கணனியின் ஞாபகமும்

2023 நவம்பர் 10 ஆம் திகதி வெள்ளிக்கிழமை. தோட்டங்களில் சம்பள நாள். ஞாயிற்றுக்கிழமை தீபாவளி. மலையகத்தில் கடை வைத்திருப்பவர்களுக்கு இவ்வளவு சொன்னால் போதும். அன்று ஹட்டனில் சனம் எப்படி இருந்திருக்கும் என்று நான் விபரிக்க வேண்டியதில்லை.

அன்று காலை எங்கள் புடவைக் கடைக்கு ஓய்வுபெற்ற கங்காணியார் ஒருவர் வந்தார். டிக்கோயாப் பக்கத்துத் தோட்டம். வாப்பாவின் காலத்திலிருந்தே எங்கள் பற்றுக் கொப்பியில் பெயர் உள்ளவர். பழைய பாக்கி 8,500 ரூபாவை என் கையில் எண்ணித் தந்தார். மகளை நுவரெலியாவில் கட்டிக் கொடுத்திருக்கிறார். அவளுக்குச் சாரி எடுக்க வேண்டும், அங்கே இருக்கும் உங்கள் கடையிலேயே எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினார்.

பின்னேரம் நுவரெலியாக் கடையில் சாரியையும், பேரப்பிள்ளைக்குக் கம்பளிச் சட்டையையும் தெரிவு செய்து, பற்றில் எழுதச் சொல்லியிருக்கிறார். பையன் திரையைப் பார்த்துவிட்டு, "பழைய பாக்கி 8,500 நிக்குது ஐயா. அதக் கட்டினாத்தான் புதுசா எழுதலாம்" என்று சொல்லிவிட்டான். பக்கத்தில் மருமகன் நிற்கிறார். "காலையில அட்டன்ல மொதலாளி கையிலதானே தம்பி குடுத்தேன்" என்றிருக்கிறார் கங்காணியார். பையன் பில் துண்டைக் கேட்டிருக்கிறான். அது ஊருக்குக் கொடுத்தனுப்பிய பையில் போய்விட்டது. சாமான்களை மேசையில் வைத்துவிட்டு மனிதர் பேசாமல் வெளியேறிவிட்டார்.

பையன் பொய் சொல்லவில்லை. கணனியும் பழுதாகவில்லை. அதற்குச் சொல்லி வைத்ததைத்தான் அது செய்தது. சொல்லி வைக்கச் சம்மதித்தவன் நான். இந்தக் கதையை ஆரம்பத்திலிருந்து சொன்னால், இரண்டு மூன்று இடத்தில் கடை நடத்தும் சகோதரர்களுக்குப் பயன்படும் என்பதாலேயே இதை எழுதுகிறேன்.

எங்கள் வாப்பாவுக்குக் கணனி தேவைப்படவில்லை. சம்பள நாளில் முந்நூறு பேர் வந்தாலும் யாருக்கு எவ்வளவு பாக்கி என்று கொப்பியைத் திறக்காமலே சொல்வார். ஆனால் எல்லோருடைய கணக்கும் அவர் தலையில் இருக்கவில்லை. மாதாமாதம் வருகிறவர்களின் கணக்கு தலையில் இருந்தது. வருடத்துக்கு ஒருமுறை மஸ்கெலியாவிலிருந்தோ பொகவந்தலாவையிலிருந்தோ வருகிறவருக்கு அலுமாரியைத் திறந்து பழைய கொப்பியைத் தேடத்தான் செய்தார். இன்று உலகத்தின் பெரிய கணனி நிறுவனங்கள் எல்லாம் செய்வது இதே வேலை.

2010 க்குப் பிறகு நாங்களும் பில் போடும் மென்பொருள் வைத்தோம். ஆரம்பத்தில் நன்றாக ஓடியது. பத்து வருட பில்கள் சேர்ந்த பின் சம்பள நாட்களில் திணற ஆரம்பித்தது. ஒரு பில் வர அரை நிமிடம். மேசைக்கு முன்னால் ஆட்கள் நெருக்க, சிலர் துணியை வைத்துவிட்டு அடுத்த கடைக்குப் போவதை என் கண்ணாலேயே பார்த்தேன். மென்பொருள் தந்த நிறுவனத்துக்குச் சொன்னால், புதிய சேர்வர் வாங்க வேண்டும், மூன்றரை இலட்சம் ஆகும் என்றார்கள். 2022 ஆம் ஆண்டு அது. நாடு இருந்த நிலையில் அந்தக் காசுக்கு எங்கே போவது?

அந்த வருடக் கடைசியில் என் நண்பரின் மகனைக் கூப்பிட்டுக் காட்டினேன். கொழும்பில் மென்பொருள் வேலை செய்யும் பிள்ளை. அரை மணித்தியாலம் பார்த்துவிட்டு, "மாமா, இதுல கேஷ் பத்தாது" என்றான். "காசு பத்தாதுண்டு எனக்கும் தெரியும் மகன். அதுக்குத்தானே உன்னக் கூப்பிட்டேன்" என்றேன். அவன் சிரித்த சிரிப்பில்தான் தெரிந்தது, அவன் சொன்னது நம் லாச்சியில் இருக்கும் கேஷ் அல்ல. அடிக்கடி கேட்கப்படும் தகவல்களைக் கணனி கைக்கெட்டும் தூரத்தில் பிரதி எடுத்து வைத்திருக்கும் இடத்துக்கும் அதே உச்சரிப்பில் ஒரு பெயர் இருக்கிறது. வியாபாரிக்கு மறக்க முடியாத பெயர்தான்.

அவன் விளக்கியதை எனக்கு விளங்கிய மாதிரியே சொல்கிறேன். கணனிக்குள் தகவல் இரண்டு இடங்களில் இருக்கும். ஒன்று ரெம் எனப்படும் நினைவகம். மின்சாரம் போனால் அதில் உள்ளதும் போய்விடும். மற்றது ஹாட் டிஸ்க். அதில் எழுதியது நிலைத்து நிற்கும். பழைய ஹாட் டிஸ்க்குக்குள் ஒரு தட்டு சுற்றுகிறது. நிமிடத்துக்கு 7,200 சுற்று. அதன் மேல் ஒரு சின்னக் கை அசைந்து, வேண்டிய இடத்தில் நின்று, தட்டு சுற்றி வரும்வரை காத்திருந்து வாசிக்கிறது. ஒரு தடவை இப்படித் தேடிப் போக ஏறக்குறைய பத்து மில்லி செக்கன். அப்படியானால் ஒரு செக்கனுக்கு நூறு தேடல்தான். நினைவகத்திலிருந்து எடுக்கவோ ஒரு செக்கனின் கோடியில் ஒரு பங்கு போதும். இரண்டுக்கும் ஒரு இலட்சம் மடங்கு வித்தியாசம்.

இந்த ஒரு இலட்சம் மடங்கை நம் கணக்கில் பார்ப்போம். பின்னால் உள்ள றாக்கையிலிருந்து ஒரு சாரத்தை எடுத்துத் தர ஒரு செக்கன் ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன்படி ஹாட் டிஸ்க்கிலிருந்து எடுப்பதற்கு ஒரு இலட்சம் செக்கன், அதாவது இருபத்தேழே முக்கால் மணித்தியாலம். ஹட்டனில் விடிய முன்னர் புறப்பட்டு, கினிகத்தேனை, அவிசாவளை வழியாகப் புறக்கோட்டைக்குப் போய், சரக்கெடுத்து, லொறியுடன் மறுநாள் காலையில் வந்து சேருகிற நேரம். ஒரு சாரத்துக்காக!

ஆனால் அதே டிஸ்க், வரிசையாக வாசிக்கச் சொன்னால் செக்கனுக்கு நூறு மெகாபைட்டையும் தாண்டி வாசித்துவிடும். கை ஓரிடத்தில் நிற்க, தட்டு சுற்றச் சுற்ற எல்லாம் வந்துகொண்டே இருக்கும். ஒன்று அங்கே, ஒன்று இங்கே என்று தேடச் சொன்னால்தான் கொல்லும். இதற்கு ரெண்டம் ரீட் என்று பெயர். கடையில் நடப்பது முழுக்க இதுதான். சம்பள நாளில் வாடிக்கையாளர்கள் பெயர் வரிசையில் வருவதில்லையே! ஒருவர் படங்கு கேட்பார், அடுத்தவர் பாடசாலைச் சீருடை கேட்பார், மூன்றாமவர் பாக்கி எவ்வளவு என்பார். ஒவ்வொரு பில்லுக்கும் நாற்பது ஐம்பது இடங்களில் கணனி தேட வேண்டும். மூன்று மேசைகளும் சேர்ந்து அந்த ஒரே கையை இழுத்தால் அது என்ன செய்யும்?

கூகுள் நிறுவனத்துக்கும் இதே தலையிடி இருந்திருக்கிறது. ஆயிரக்கணக்கான கணனிகளில் பிரித்து வைக்கும் பிக்டேபிள் என்ற தரவுத்தளத்தைப் பற்றி அதன் பொறியியலாளர்கள் 2006 இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். அதில் அவர்கள் செய்த பரீட்சைகளின் எண்கள் இருக்கின்றன. ஆயிரம் பைட் அளவுள்ள தகவல்களை அங்குமிங்குமாக வாசித்தபோது ஒரு சேர்வர் செக்கனுக்கு 1,212 தான் வாசித்தது. அதே தகவல் நினைவகத்தில் இருந்தபோது 10,811. எழுதுவதைக் கூட அது 8,850 என்ற வேகத்தில் செய்தது.

எழுதுவதை விட வாசிப்பது கஷ்டமா என்று எனக்கும் முதலில் புதுமையாக இருந்தது. தோட்டத்துக் கணக்கப்பிள்ளையை நினைத்தபோது விளங்கியது. மலையில் நின்று பேர் போடும்போது அவர் பெரிய செக்ரோலைத் தூக்கிக்கொண்டு அலைவதில்லை. கைக் கொப்பியில் ஒன்றன்கீழ் ஒன்றாகக் குறித்துக்கொண்டு, பிறகு ஒபிசில் இருந்து ஆறுதலாகப் பதிவார். பிக்டேபிளும் எழுத வருவதை வரிசையாகக் குறித்துக்கொண்டு பிறகு ஒழுங்குபடுத்துகிறது. யாரோ ஒருவருடைய பழைய பேரைத் தேடச் சொன்னால்தான் ஒபிசில் அலுமாரி திறக்க வேண்டிவரும்.

அந்தப் பரீட்சையில் இன்னொரு விடயம்தான் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. சேர்வர்களை ஒன்றிலிருந்து 500 ஆகக் கூட்டினார்கள். வேலையும் 500 மடங்கு கூடியிருக்க வேண்டும் அல்லவா? அங்குமிங்குமான வாசிப்பு ஏறக்குறைய 100 மடங்குதான் கூடியது. ஒரு சேர்வரின் வேகம் 1,212 இலிருந்து 241 ஆக விழுந்துவிட்டது. நினைவகத்திலிருந்து வாசித்தபோது ஏறக்குறைய 300 மடங்கு கூடியது. காரணம், ஆயிரம் பைட் தகவலுக்காக ஒவ்வொரு தடவையும் 64 கிலோபைட் கொண்ட முழுக் கட்டையும் வலையமைப்பின் ஊடாக இழுக்க வேண்டியிருந்தது. அறுபத்து நான்கு மூட்டை ஏற்றிய லொறியைப் புறக்கோட்டையிலிருந்து ஹட்டனுக்குக் கொண்டுவந்து, ஒரு மூட்டையை இறக்கிவிட்டு மீதியைத் திருப்பி அனுப்புவது மாதிரி. ஐந்நூறு கடைக்காரர்கள் இப்படிச் செய்தால் கினிகத்தேனைப் பாதை என்ன ஆகும்? புதிய சேர்வர் வாங்குங்கள் என்று எனக்குச் சொன்னவர்களை நினைத்துக்கொண்டேன்.

பிள்ளை எங்கள் கணனியில் கண்டுபிடித்தது இதைவிட வேடிக்கை. எங்கள் தரவுத்தளம் மைஎஸ்கியூஎல். உலகம் முழுவதும் சின்ன வியாபாரங்களில் ஓடுவது. அதை நிறுவும்போது, அடிக்கடி தேவைப்படும் தகவலை வைத்துக்கொள்ள 128 மெகாபைட் நினைவகத்தைத்தான் வழக்கமாக அது எடுத்துக்கொள்ளும். கணனியில் எவ்வளவு நினைவகம் இருந்தாலும், நிறுவுகிறவர் அந்த எண்ணை மாற்றினாலன்றி அது கூடாது. எங்களுக்கு நிறுவியவர் மாற்றவில்லை. பெரிய கடையை வாடகைக்கு எடுத்துவிட்டு வாசலில் ஒரு மேசை போட்டு வியாபாரம் செய்த கதை!

16 ஜிபி நினைவகம் போட்டு, அதில் பாதிக்கு மேல் தரவுத்தளத்துக்கு ஒதுக்கினான். சுற்றும் தட்டே இல்லாத எஸ்எஸ்டி ஒன்றையும் மாட்டினான். எல்லாம் நாற்பதாயிரம் ரூபாவுக்குள் முடிந்தது. அடுத்த சம்பள நாளில் பில் உடனே வந்தது.

இதில் ஒரு கணக்கை மனதில் வைக்க வேண்டும். நூறு கேள்வியில் தொண்ணூறுக்கு நினைவகத்திலேயே பதில் கிடைத்தால் நல்லதுதான் என்று தோன்றும். ஆனால் மீதிப் பத்தும் டிஸ்க்குக்குப் போகின்றன. பத்துப் பத்து மில்லி செக்கனாக மொத்தம் நூறு. தொண்ணூற்றொன்பதுக்குப் பதில் கிடைத்தால் ஒன்றுதான் போகும், பத்து மில்லி செக்கனுடன் முடிந்தது. தொண்ணூறுக்கும் தொண்ணூற்றொன்பதுக்கும் இடையில் பத்து மடங்கு வித்தியாசம்! கைக்கெட்டும் றாக்கையில் எதை வைப்பது என்பது நமக்குத் தெரியாததா? மழைக் காலத்தில் படங்கும் கம்பளியும் முன்னால் வரும், ஜனவரியில் சீருடைத் துணி வரும், அசையாத சரக்கு ஸ்டோருக்குப் போகும். நெடுநாள் யாரும் கேட்காததை வெளியே தள்ளி, கேட்டதை வைத்துக்கொள்வதுதான் கணனியின் வழக்கமும்.

எங்கள் கிளார்க்குக்கு ஒரு பழக்கம் இருந்தது. சம்பள நாள் காலை பத்து மணிக்குத்தான் மாத அறிக்கையை எடுப்பார். அந்த அறிக்கைக்காகக் கணனி வருடக்கணக்கான பில்களை முழுக்கப் புரட்டும். ஒருதடவை மட்டும் வருகிற ஆளுக்காக அன்றாட வாடிக்கையாளரைத் துரத்தாதபடி நல்ல தரவுத்தளங்களில் பாதுகாப்பு இருக்கிறது. என்றாலும் டிஸ்க்கின் கை ஒன்றுதானே! அது அறிக்கையோடு மாரடிக்கும்போது பில்கள் காத்துக்கிடக்கும். இப்போது அறிக்கை எடுப்பது இரவு கடை பூட்டிய பிறகு.

இனி நுவரெலியாவுக்கு வருவோம். அந்தக் கடை ஒவ்வொரு தகவலையும் ஹட்டன் கணனியிடம் கேட்டு எடுத்தது. மழை பெய்தால் இணைய இணைப்பு இழுக்கும். எனவே, விலை, கையிருப்பு, பெயர், பாக்கி எல்லாவற்றையும் காலையில் ஒருதடவை பிரதி எடுத்து நுவரெலியாக் கணனியின் நினைவகத்திலேயே வைத்துவிட்டால் என்ன என்று கேட்டேன். பிள்ளை தயங்கினான். "பாக்கி மட்டும் வேணாம் மாமா, அது மாறிக்கிட்டே இருக்கும்" என்றான். நான்தான், அங்கேயும் இங்கேயும் ஒரே நாளில் யார் வரப்போகிறார்கள் என்று சொல்லிச் செய்வித்தேன். தீபாவளிக்கு முந்திய வெள்ளிக்கிழமை ஒருவர் போனார்.

காலையில் எடுத்த பிரதியில் 8,500 பாக்கி. பத்து மணிக்கு ஹட்டனில் பணம் கட்டியாயிற்று. பிரதிக்கு அது தெரியாது.

சென்னைக்குச் சரக்கெடுக்கப் போய், அங்கிருந்து ரயில் பிடிக்கிறவர்களுக்கு இந்த அனுபவம் இருக்கும். இந்திய ரயில்வேயின் ஐஆர்சிடிசி இணையத்தளத்தில் தட்கல் ஆசனங்கள் காலை பத்து மணிக்கும் பதினொரு மணிக்கும் திறக்கும். நாடு முழுவதும் ஒரே நிமிடத்தில் கேட்பார்கள். 2014 ஏப்ரலில் அவர்கள் புதிய அமைப்பொன்றைக் கொண்டுவந்தார்கள். ஜெம்பயர் என்ற மென்பொருளின் மூலம் தகவல்களைப் பல கணனிகளின் நினைவகத்தில் பரப்பி வைத்தார்கள். அதுவரை நிமிடத்துக்கு 2,000 டிக்கட் கொடுத்த இடத்தில் 7,200 கொடுக்கும் வல்லமை வந்தது. ஆனால் ஆசனத்தின் மூலக் கணக்கு சென்னை, மும்பாய், டில்லி, கொல்கத்தா, செகந்திராபாத் என்ற ஐந்து முன்பதிவு நிலையங்களில் இருக்கிறது. நான்கு ஆசனம் இருக்கிறது என்று ஒரு நிமிடத்துக்கு முந்திய திரை சொல்லலாம். காசைக் கட்டி முடிப்பதற்குள் காத்திருப்போர் பட்டியலில் பெயர் வந்துவிடும். எத்தனை ஆசனம் என்று பார்க்கப் பிரதி போதும். விற்கும்போது மூலத்தைத்தான் பார்க்க வேண்டும். என் கடையில் விலையைப் பார்க்கவும் பாக்கியைப் பார்க்கவும் ஒரே பிரதியை நம்பியதுதான் நான் செய்த பிழை.

பேஸ்புக் இந்த விடயத்தில் கடைப்பிடிக்கும் முறை எளிமையானது. 2003 இல் பிராட் பிட்ஸ்பட்ரிக் என்ற அமெரிக்க இளைஞர் தனது லைவ்ஜேர்னல் தளத்துக்காக எழுதிய மெம்கேஷ்டி என்ற மென்பொருளைத்தான் அவர்கள் எடுத்து வளர்த்தார்கள். மூலக் கணக்கில் ஒன்று மாறினால் பிரதியைத் திருத்த மாட்டார்கள், அழித்துவிடுவார்கள். அடுத்து யாராவது கேட்கும்போது மூலத்திலிருந்து புதிதாக எடுத்துக்கொள்ளும். அழிக்கச் சொல்லும் செய்தி தவறுதலாக இரண்டு தடவை போனாலும் நட்டமில்லை.

அதிலும் ஒரு ஆபத்து உண்டு. 2010 செப்டம்பர் 23 ஆம் திகதி பேஸ்புக் இரண்டரை மணித்தியாலம் விழுந்துபோனது. பிரதியில் இருந்த ஒரு மதிப்பு பிழை என்று கண்ட கணனிகள் எல்லாம் ஒரேயடியாக மூலத் தரவுத்தளத்துக்கு ஓடின. அது மூச்சுத் திணறியது. பதில் வராததையும் பிழை என்று எடுத்துக்கொண்டு மீண்டும் மீண்டும் ஓடின. கடைசியில் தளத்தையே நிறுத்தித்தான் அதைக் காப்பாற்றினார்கள். றாக்கையில் சாரம் முடிந்ததும் கடையில் உள்ள பத்துப் பையன்களும் ஸ்டோருக்குள் பாய்ந்தால் கதவில் சிக்கிக்கொள்வார்கள்தானே? அவர்கள் 2013 இல் வெளியிட்ட கட்டுரையில் அதற்கான மருந்து இருக்கிறது. முதலில் கேட்பவரிடம் ஒரு துண்டைக் கொடுத்து அனுப்புவார்கள். மற்றவர்கள் அவர் கொண்டுவரும்வரை சற்றுப் பொறுக்க வேண்டும். அவர்கள் பார்த்த ஓரிடத்தில், மூலத் தரவுத்தளத்துக்குப் போன கேள்விகள் உச்ச நேரத்தில் செக்கனுக்கு 17,000 ஆக இருந்து 1,300 ஆகக் குறைந்தன.

நமக்குப் பேஸ்புக்கின் அளவு இல்லை. ஆனால் மின்வெட்டு இருந்தது. 2022 மார்ச் கடைசியில் பதின்மூன்று மணித்தியாலம் இருட்டில் இருந்தோமே! மின்சாரம் வந்து கணனியைப் போட்டதும் அது வழக்கத்தை விட மெதுவாக ஓடியதைக் கவனித்திருப்பீர்கள். நினைவகம் வெறுமையாக இருப்பதால் ஒவ்வொன்றும் முதல் தடவையாக டிஸ்க்கிலிருந்து வர வேண்டும். சம்பள நாட்களில் நாங்கள் கடை திறக்க அரை மணித்தியாலம் முன்னரே கணனியைப் போட்டு, பற்றுக் கணக்குகளையும் ஓடுகிற சரக்குகளையும் ஒருதடவை தேடச் செய்துவிடுகிறோம். யூபிஎஸ் இல்லாதவர்கள் அதையும் வாங்கி வையுங்கள்.

நவம்பர் 11 சனிக்கிழமை காலையில் அந்தச் சாரியையும் சட்டையையும் எடுத்துக்கொண்டு நான் லயத்துக்குப் போனேன். கங்காணியார் வெளியில் உட்கார்ந்திருந்தார். பில் துண்டை எடுத்து நீட்டினார். "இந்தாங்க மொதலாளி, பாத்துக்கங்க" என்றார். அதை வாங்கிப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது. கணனியில் நடந்ததை விளக்க முயன்றேன். பாதியில் நிறுத்திவிட்டேன். "பிழை எங்கட பக்கம் கங்காணியார்" என்று மட்டும் சொன்னேன். தேத்தண்ணீர் வந்தது. சாரியை எடுத்துக்கொண்டார். காசைக் கையிலேயே தந்தார், பற்றில் எழுத விடவில்லை.

இப்போது நுவரெலியாக் கடையில் விலையும் பெயரும் சாமான் விபரமும் பிரதியிலிருந்து வருகின்றன. விலை மாறினால் அந்தப் பிரதி உடனே அழிகிறது. பாக்கி மட்டும் ஒவ்வொரு தடவையும் ஹட்டனிலிருந்து வருகிறது. அதற்கு இரண்டு மூன்று செக்கன் போகிறது, போகட்டும். இணைப்பு இல்லையென்றால் திரையில் பாக்கி காட்டாது. பையன் எனக்குத் தொலைபேசி எடுக்க வேண்டும்.

உங்களுக்கு மென்பொருள் விற்க வருகிறவரிடம், எவ்வளவு வேகம் என்று கேட்பதோடு நிற்காதீர்கள். தரவுத்தளத்துக்கு எவ்வளவு நினைவகம் ஒதுக்கியிருக்கிறீர்கள், திரையில் தெரியும் பாக்கி மூலக் கணக்கா பிரதியா, பிரதி என்றால் எத்தனை நிமிடம் பழையது, மற்றக் கடையில் பணம் கட்டினால் இங்கே எப்போது தெரியும் என்றும் கேளுங்கள். எனக்கு முதலில் நிறுவித் தந்தவரிடம் இவற்றில் ஒன்றையும் நான் கேட்கவில்லை.

கங்காணியார் அடுத்த ஏப்ரலில், சித்திரை வருடப் பிறப்புக்கு வந்தார். பற்றில் எழுதலாமா என்று நானே கேட்டேன். "எழுதுங்க, ஆனா கொப்பியில எழுதுங்க மொதலாளி" என்றார். லாச்சிக்குள் வாப்பாவின் பழைய கொப்பி இருந்தது. அதில் அவருடைய பக்கத்தைத் தேடி எடுத்து எழுதினேன். அவர் போன பிறகு கணனியிலும் பதிந்தேன்.